வன்னி வேரைத் தோண்டிப் பார்த்தவள்

நான் ரயில்வேயில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. கொடி பிடித்ததில்லை, டிக்கெட் கிழித்ததில்லை. ஆனாலும் இராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவே ஒரு பாசஞ்சர் வண்டி, ஒரு நாள் காலையில் முக்கால் மணி நேரம் வெயிலில் நின்று கத்தியதற்கு முழுக் காரணம் நான்தான். எஞ்சினில் கோளாறு இல்லை. தண்டவாளத்தில் மாடு படுத்திருக்கவில்லை. வண்டியை நிறுத்தியது ஒரு முழ உயர மரம். (மரத்தைச் சொல்லிக் குற்றமில்லை. அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. சும்மா இருக்க முடியாதவள் நான்.)

எனக்குப் பத்தொன்பது வயதில் கல்யாணம் ஆயிற்று. சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். நான் பிறந்து வளர்ந்தது குடமுருட்டி ஆற்றங்கரையில். எங்கள் ஊரில் ஒரு குச்சியை வேலிக்காக ஊன்றி வைத்தால், அடுத்த மாதம் அது தழைத்துக்கொண்டு வேலி வேலையை மறந்துவிடும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து என்னைக் கட்டிக்கொண்டு போனவர் பரமக்குடிக்காரர். பெயர் நடராஜன். உத்தியோகம், பாசஞ்சர் வண்டி மட்டும் நிற்கும் ஒரு சின்ன ஸ்டேஷனில் ஸ்டேஷன் மாஸ்டர். ஸ்டேஷனின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே இன்னும் சிலருக்கு என்னை ஞாபகம் இருக்கக்கூடும்.

ஒரு அறை, ஒரு பெஞ்சு, ஒரு பெயர்ப்பலகை, பக்கத்தில் ரயில்வே கொடுத்த ஓட்டு வீடு. இவ்வளவுதான் அந்த ஸ்டேஷன். மற்றபடி எந்தப் பக்கம் பார்த்தாலும் மணல், உடைமுள், அதற்கு மேலே வானம். குடிதண்ணீர் ரயிலில் வரும். நிஜமாகத்தான் சொல்கிறேன். வண்டியின் கடைசியில் ஒரு இரும்பு டாங்கியைக் கோத்து அனுப்புவார்கள். எல்லோரும் குடத்தோடு போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும். முதல் தடவை அதைப் பார்த்தபோது, தண்ணீர் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஊருக்கு வருகிறதே என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. இரண்டாவது வாரம் சிரிப்பு நின்றுவிட்டது.

எங்கள் வீட்டுக்கும் பிளாட்பாரத்துக்கும் இடையே, சுண்ணாம்பு அடித்த கற்களை வட்டமாகப் பதித்திருந்தார்கள். வட்டத்துக்குள் மணல். அதற்கு ரயில்வே பாஷையில் 'ஸ்டேஷன் தோட்டம்' என்று பெயர். வருஷத்துக்கு ஒரு முறை மதுரையிலிருந்து ஆபீசர் வந்து ஒவ்வொரு ஸ்டேஷன் தோட்டத்தையும் பார்வையிடுவார். நன்றாக இருப்பதற்குக் கேடயம் கொடுப்பார்கள்.

என் வீட்டுக்காரருக்குக் கேடயத்தின் மேல் ஆசை இல்லை. பரமக்குடியில் அவருடைய அய்யா, என் மாமனார், தனியாக இருந்தார். கண் மங்கிக்கொண்டே வந்தது. சோற்றைத் தட்டில் போடுவதற்குப் பதில் தரையில் போட்டுவிட்டதாகப் பக்கத்து வீட்டிலிருந்து கடிதம் வந்திருந்தது. வீட்டை விட்டு வர மாட்டேன் என்று அவர் ஒரே பிடிவாதம். அதனால் பரமக்குடிக்கு மாற்றல் கேட்டு இரண்டு முறை எழுதிப் போட்டாகிவிட்டது, பதில் இல்லை. புதிதாக வந்திருக்கும் ஆபீசருக்குச் செடி கொடி என்றால் உயிராம். தோட்டம் அவர் கண்ணுக்குப் பிடித்துவிட்டால், அந்தச் சந்தோஷத்திலேயே மனுவைக் கையில் கொடுத்துவிடலாம் என்பது இவருடைய திட்டம்.

"உனக்குத்தான் ஆத்தங்கரைக் கை ஆச்சே செண்பகம். ஏதாவது பச்சையா ஒண்ணு நிக்க வை. அது போதும்" என்றார்.

ஆற்றங்கரைக் கையின் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். பிஸ்கட் டின்னில் பிறந்த வீட்டு மண்ணோடு கொண்டுவந்த மல்லிகைப் பதியன் பத்து நாளில் போயிற்று. குரோட்டன்ஸ் எட்டு நாள். ரோஜாக் குச்சி மட்டும் ஒரு மாதம் இருந்தது. பச்சையாக இருக்கிறது என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். பிடுங்கிப் பார்த்தபோது உள்ளே கரையான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. உப்புக் காற்று மிச்சம் வைத்ததையெல்லாம் ஆடு தின்றது.

ஆடு முனியசாமியுடையது. முனியசாமி எங்கள் ஸ்டேஷனின் பாயிண்ட்ஸ்மேன், கைகாட்டியை இறக்கி ஏற்றுகிறவர். கடலாடிப் பக்கத்துக்காரர். என் வீட்டுக்காரர் வயதுதான் இருக்கும். ஒரு நாளைக்கு மொத்தம் பத்து வார்த்தை பேசினால் அதிகம். என் மல்லிகை, குரோட்டன்ஸ், ரோஜா மூன்றும் போன பிறகு வந்து வட்டத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"இங்கன வன்னிதான் தாயி நிக்கும்" என்றார்.

அடுத்த வாரம் அவர் ஊருக்குப் போய்விட்டு வரும்போது, காளி கோயில் வன்னி மரத்தின் அடியில் தானாக முளைத்திருந்த ஒரு சாண் கன்றைத் தோண்டிக்கொண்டு வந்தார். நட்டோம். நான் காலையில் ஒரு குடம், மாலையில் ஒரு குடம் ஊற்றினேன். குளிக்கிற தண்ணீரைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு அதையும் ஊற்றினேன். (ரயிலேறி வந்த தண்ணீர். மடியில் வைத்துக் குழந்தைக்குப் பால் புகட்டுவது போலப் புகட்டினேன்.) இருபது நாளில் இலையெல்லாம் மஞ்சளாகி, தொட்டால் உதிர்ந்தது.

முனியசாமி கன்றைப் பிடுங்கி, அழுகிப் போயிருந்த அடியை மோந்து பார்த்தார்.

"தண்ணி குடுத்தே கொன்னுட்டியே தாயி."

பெருங்குற்றம் செய்தவள் போல நின்றேன். அதற்கப்புறம் அவர் அதே கோயில் மரத்து நெற்று இரண்டு கொண்டுவந்து, வட்டத்தின் நடுவில் தானே குழி பறித்து, விதையைத் தானே போட்டார். எனக்கு ஒரு உத்தரவும் போட்டார். முளைக்கிற வரைக்கும் ஒரு செம்புத் தண்ணீர். அப்புறம் மழை பெய்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. நான் குடத்தோடு அந்தப் பக்கம் போகக்கூடாது. ஆட்டை அவர் பார்த்துக்கொள்வார். என்னைத்தான் யார் பார்த்துக்கொள்வது என்று அவருக்குக் கவலை.

ஐப்பசியில் முளைத்தது. தையில் நாலு விரல் உயரம். சித்திரை வெயிலில் பிளாட்பாரத்துத் தகரமெல்லாம் படபடவென்று வெடித்தபோது, கருகும் கருகும் என்று நான் தினமும் போய்ப் பார்த்தேன். கருகவில்லை. வளரவும் இல்லை. சின்னச் சின்ன இலைகளை விரித்துக்கொண்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்காமல் நின்றது. எங்கள் ஊர்ச் செடிகள் ஒரு வேளை தண்ணீர் தப்பினால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அழும். இது என்ன ஜாதி? எதைக் குடித்து உயிரோடு இருக்கிறது?

சவரியம்மாளிடம் கேட்டேன். சவரியம்மாள் கடற்கரைக் குப்பத்திலிருந்து தினமும் மீன்கூடையோடு வந்து, எங்கள் ஸ்டேஷனில் வண்டி ஏறிப் பரமக்குடிச் சந்தைக்குப் போகிறவள். வண்டி வரும் வரைக்கும் எங்கள் வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போடுவாள்.

"இதுல என்ன மவளே அதிசயம்? அங்கிட்டும் கடலு, இங்கிட்டும் கடலு. அடியில வேரை விட்டுக் கடலைக் குடிக்குது" என்றாள்.

அப்படியானால் இலை உப்புக் கரிக்க வேண்டும் அல்லவா? நான்கு இலையைக் கிள்ளி மென்று பார்த்தேன். உப்பு இல்லை, கசந்தது. சந்தேகம் தீர இன்னும் நான்கு. அதற்குள் முனியசாமி பார்த்துவிட்டார்.

"ஆட்டைக் கட்டிப்போட்டேன். இப்ப நீ மேயிறியே தாயி."

"இல்லே அண்ணே, இது ஏன் வளரவே மாட்டேங்குது?"

"வளருது. கீழ போய்க்கிட்டு இருக்கு."

"எவ்வளவு கீழே?"

"பாதாளம் மட்டுக்கும் போகும்பாக."

"நீங்க பார்த்திருக்கீங்களா?"

"பாத்தவன் யாரு" என்று சொல்லிவிட்டு அவர் கைகாட்டிக்கு எண்ணெய் போடப் போய்விட்டார்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை என் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பாத்தவன் யாரு? ஒருத்தரும் இல்லை. இத்தனை காலமாக இந்தச் சீமையில் எத்தனை வன்னி நின்றிருக்கும். ஒருத்தர்கூடக் குனிந்து பார்த்ததில்லை. நாம் பார்த்தால் என்ன?

என் வீட்டுக்காரருக்கு இரவு டியூட்டி என்றால் பகல் சாப்பாடு முடிந்ததும் குறட்டை விடுவார். முனியசாமி ஸ்டேஷன் அறையில் கண்ணயர்வார். மத்தியானம் ஒன்றரையிலிருந்து மூன்றரை வரைக்கும் அந்த ஸ்டேஷன் எனக்கே சொந்தம். களைக்கொத்தையும் ஒரு சிரட்டையையும் எடுத்துக்கொண்டு போனேன். மரத்தின் மேல் கை வைக்கவில்லை. எங்கள் வீட்டுப் பக்கமாக அரை முழம் தள்ளிக் குழி பறித்து, அங்கிருந்து பக்கவாட்டில் மெதுவாக மணலைச் சுரண்டிக்கொண்டு வந்தேன். தோசைத் திருப்பியால் சுரண்டினேன். கடைசியில் விரலாலேயே.

முதல் நாளே வேர் கிடைத்துவிட்டது. பழுப்பு நிறம், சணல் கயிறு கனம். இங்கே அங்கே பார்க்காமல் நேராகக் கீழே போய்க்கொண்டிருந்தது. மேலே மரம் ஒரு சாண். கீழே ஒரு முழம் தோண்டியும் வேர் முடியவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். விட முடியவில்லை. அடுத்த மத்தியானம் இன்னும் ஒரு சாண். வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள். இப்படியே ஆனி போயிற்று, ஆடி போயிற்று. வேர் வெயிலில் காயாமல் இருக்க ஈரச் சாக்கால் மூடி வைத்தேன். குழியின் வாயில் கள்ளிப்பெட்டிப் பலகை நான்கைப் பரப்பி, அதன் மேல் கோணியை விரித்து, மேலே மணலைத் தூவிவிடுவேன். பார்த்தால் தரை மாதிரியே இருக்கும். நானே பலகையின் மேல் நடந்து பார்த்தேன், தாங்கியது. (அப்போது நான் எப்படி இருப்பேன் என்றால், என்னையும் ஒரு குடத்தையும் தூக்கி நிறுத்தால் குடம் கனமாக இருக்கும்.) வெளியே எடுத்த மணலைக் கூடையில் அள்ளிப் பிளாட்பாரத்தில் கொட்டிப் பரப்பினேன்.

"என்ன தாயி, மணலு ஏறிக்கிட்டே போகுது?" என்றார் முனியசாமி.

"காத்து" என்றேன்.

ஆடிக்காற்று அந்தப் பக்கத்தில் மணலை வாரி அடிப்பது உண்மைதான். அதனால் நம்பினார். பாவம்.

இடுப்பளவு ஆழம் வந்த அன்று நடந்ததை மட்டும் நான் யாரிடமும் கேலியாகச் சொன்னதில்லை. சிரட்டையால் அள்ளிய மணல் கையில் ஒட்டியது. பிசைந்து பார்த்தேன். ஈரம். சில்லென்ற ஈரம். தண்ணீர் ரயிலில் வருகிற ஊரில், கானல் பறக்கிற மத்தியானத்தில், என் காலுக்கடியில் மண் குளிர்ந்திருந்தது. ஒரு கை அள்ளிக் கன்னத்தில் வைத்துக்கொண்டு குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஆற்றங்கரை வாசனை வந்தது. இது தெரிந்துதானே இந்தப் பொடிமரம் இத்தனை மாதமாக ஒன்றும் பேசாமல் கீழே போய்க்கொண்டிருந்தது? வேர் அங்கேயும் நிற்கவில்லை. இன்னும் கீழே போயிற்று. நானும் போனேன்.

மாசியில் ஆபீசர் வரப்போவதாகத் தந்தி வந்தது. அதற்குள் மரம் ஒரு முழம் ஆகியிருந்தது. குழி என் தோள் உயரம். உள்ளே இறங்கி ஏற ஒரு பெட்டியைப் படியாகப் போட்டிருந்தேன்.

மூட வேண்டும் என்று தெரியும். ஆனால் ஆபீசர் வந்து போனதும் இன்னும் ஒரே ஒரு முழம் பார்த்துவிட்டு மூடலாம் என்று நினைத்தேன். பலகையைச் சரியாக அடுக்கினேன். மணலைத் தூவித் துடைப்பத்தால் கோலம் போடுகிறாற்போல வரிவரியாக இழுத்தேன். அவ்வளவு அழகாக இருந்தது. இவர் வந்து பார்த்துவிட்டு, "அடடே, தோட்டத்தைப் பெருக்கிக்கூட வச்சிருக்கியே" என்று மெச்சினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்.

ஆபீசர் காலை ஒன்பது மணிக்கு, தண்டவாளத்தில் ஆட்கள் தள்ளி வரும் டிராலியில் வந்து இறங்கினார். திருநெல்வேலிக்காரர், ஐம்பது வயதிருக்கும். ஆள் வாட்டசாட்டம். தலையில் நெட்டித் தொப்பி, காலில் கனத்த பூட்ஸ். டிராலிக்காரர்கள் வண்டியைத் தண்டவாளத்திலிருந்து தூக்கி வைத்துவிட்டு நிழல் பார்த்து உட்கார்ந்தார்கள். நான் வீட்டு ஜன்னலில் நின்றுகொண்டேன். இவர் பையில் மாற்றல் மனு துருத்திக்கொண்டு நின்றது ஜன்னலிலிருந்தே தெரிந்தது.

அறையைப் பார்த்தார், விளக்குகளைப் பார்த்தார். பிறகு வட்டத்துக்கு வந்தார்.

"இது என்ன மரம்?"

"வன்னி சார். தண்ணியே வேணாம். முளைச்சதிலிருந்து ஒரு சொட்டு ஊத்தலை."

ஆபீசர் முகம் மலர்ந்தது. அது வரைக்கும் எல்லா ஸ்டேஷனிலும் ஒரே குரோட்டன்ஸைப் பார்த்து அலுத்திருப்பார் போலும். "இந்த மணலிலா?" என்று கேட்டுக்கொண்டே குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இலையைத் திருப்பிப் பார்த்தார். முள்ளைத் தொட்டுப் பார்த்தார். இவர் கை பையை நோக்கிப் போயிற்று. என் நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்போதுதான் அந்த மனிதர், மரத்தைச் சுற்றி வந்து பார்க்கலாம் என்று எங்கள் வீட்டுப் பக்கமாக ஒரு அடி வைத்தார்.

நான் கொலுசு தெறிக்க வெளியே ஓடினேன். "சார், அங்கே கால் வைக்காதீங்க" என்று சொல்லவும் செய்தேன். 'சார்' என்ற வார்த்தை மட்டும்தான் அவர் மேலே இருக்கும்போது சொன்னது. மற்றதெல்லாம் குழியைப் பார்த்துச் சொன்னது.

நின்ற வாக்கிலேயே போனார். பலகை முறிந்த சத்தம், கோணி, மணல், புழுதி. புழுதி அடங்கியபோது தரைக்கு மேலே நெஞ்சும் தலையும் தொப்பியும் தெரிந்தன. நடுத் தோட்டத்தில் ஆபீசரை நட்டு வைத்தது போல இருந்தது.

 முனியசாமி குழியைப் பார்த்தார், பிளாட்பாரத்து மணலைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"யார் தோண்டியது?" என்றார் ஆபீசர், உள்ளேயிருந்தபடியே.

"எலி சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

"எலி பலகை போட்டு மூடுமா?"

 இனி ஒளிக்க ஒன்றுமில்லை.

"நான்தாங்க தோண்டினேன்" என்றேன்.

"எதுக்கும்மா?"

"அது எங்கே போய்த் தண்ணி குடிக்குதுன்னு பார்க்கணும்னுதாங்க."

திட்டப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.  கண்ணைத் திறந்தால் ஆபீசர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குழியின் சுவரில் மூக்கு இடிக்கும்படி நின்று வேரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாக்கை விலக்கி மேலிருந்து கீழே பார்த்தார். மேலே நிமிர்ந்து ஒரு முழ மரத்தைப் பார்த்தார். மறுபடி கீழே.

"இதோட வேரா இது?"

"ஆமாங்க."

"எவ்வளவு தூரம் போகுது?"

"இன்னும் முடியலீங்க. அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க."

(இப்படி ஒரு பதிலை ஒரு ஆபீசரிடம் சொன்னவள் நான். இவர் முகம் சுண்ணாம்புக் கல் நிறத்துக்குப் போயிற்று.)

"டிராலியிலே டேப் இருக்கு, எடுத்துட்டு வாங்க" என்றார் ஆபீசர். தொப்பியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். சட்டைக் கையை மடித்துவிட்டார். "மண்வெட்டி இருக்கா? சின்னதா?"

நான் தோசைத் திருப்பியைக் கொடுத்தேன்.

அதற்கப்புறம் நடந்ததை எந்த ரயில்வே விதியாலும் விளக்க முடியாது. ஆபீசர் குழிக்குள் மண்டியிட்டுத் தோண்டினார். டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க என் வீட்டுக்காரரை உள்ளே இறங்கச் சொன்னார். இரண்டு பேருக்கு இடம் போதாமல் இவர் ஒற்றைக் காலைப் பெட்டியிலும் மற்றதை ஆபீசரின் முதுகுக்குப் பின்னாலுமாக வைத்து நின்றார். மேலே வருகிற மணலைக் கூடையில் வாங்கிக் கொட்ட முனியசாமி. சிரட்டை நான். "அஞ்சடி. மரத்தைப் போல மூணு மடங்கு தாண்டியாச்சு. இன்னும் போகுது ஓய்" என்று குழிக்குள்ளேயிருந்து குரல் வந்தது. இவரை 'ஓய்' என்று ஆபீசர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மாற்றல் கிடைத்தமாதிரிதான் என்று இவர் நினைத்தாராம்.

பாம்பனிலிருந்து வருகிற பாசஞ்சரை எல்லோரும் மறந்துபோனோம். கைகாட்டியை இறக்கினால்தான் அது ஸ்டேஷனுக்குள் வர முடியும். இறக்க வேண்டியவர் கூடையோடு குழிக்கரையில் நிற்கிறார். இறக்கச் சொல்ல வேண்டியவர் குழிக்குள் நிற்கிறார். அவரைக் கேட்க வேண்டியவரோ தோசைத் திருப்பியோடு அவருக்கும் கீழே இருக்கிறார்.

வண்டி தூரத்தில் நின்று ஊதியிருக்கிறது. ஒரு முறை, நான்கு முறை, அப்புறம் விடாமல். எனக்கும் கேட்டது. ஆனால் அந்த நேரத்தில் ஈர மணலில் வேரின் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் கிளை பிரிந்திருப்பதை ஆபீசர் கண்டுபிடித்திருந்தார். காதில் விழுந்தது மனதுக்குப் போகவில்லை.

கடைசியில் மீன்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு சவரியம்மாள் வந்து நின்றாள். குழிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"யாரு ஐயா உள்ள கெடக்கது, மாஸ்டரா? வண்டி அங்கிட்டு நின்னு தொண்டை கட்டக் கத்துது. சனமெல்லாம் எறங்கி நடந்து வருது. எம் மீனு நாறுனா அதையும் இந்தக் குழியிலதான் கொட்டுவேன்."

என் வீட்டுக்காரருக்கு அப்போதுதான் தான் யார் என்பது ஞாபகம் வந்தது. "ஐயோ, லைன்" என்று ஒரு எம்பு எம்பினார். பெட்டி சாய்ந்தது. விழாமலிருக்கக் கைக்குக் கிடைத்ததைப் பிடித்தார். கைக்குக் கிடைத்தது வேர்.

'டக்' என்று ஒரு சத்தம். காய்ந்த சுள்ளி முறிகிற மாதிரி இல்லை. முருங்கைக்காய் முறிகிற மாதிரி, ஈரமான சத்தம். இவர் மேலே வந்துவிட்டார். கையில் மூன்று அடி வேர் தொங்கியது. அதோடு பிளாட்பாரத்துக்கு ஓடினார். முனியசாமி கூடையைப் போட்டுவிட்டுக் கைகாட்டிக்கு ஓடினார். ஓடுவதற்கு முன் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

வண்டி உள்ளே வந்தபோது ஜன்னலுக்கு ஜன்னல் தலை. டிரைவர் வசைபாடிக்கொண்டே இறங்கினார். பிளாட்பாரத்தில் தலையிலிருந்து கால் வரைக்கும் மணல் அப்பிய ஒருவர், கையில் தோசைத் திருப்பியோடு நிற்பதைப் பார்த்து, யார் என்று புரிந்ததும் சல்யூட் அடித்துவிட்டு எஞ்சினில் ஏறிக்கொண்டார். ஆபீசர் தோசைத் திருப்பியை என்னிடம் கொடுத்துத் தொப்பியை வாங்கிக்கொண்டார். மனு பையிலேயே இருந்தது.

பத்து நாள் கழித்து மதுரையிலிருந்து கடிதம் வந்தது. பாசஞ்சர் வண்டி வெளியே நிறுத்தப்பட்டது ஏன் என்று எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருந்தார்கள். கீழே கையெழுத்து போட்டிருந்தவர் அந்த ஆபீசரேதான். குழிக்குள் கூடவே இருந்த மனிதருக்கு என்ன விளக்கம் எழுதுவது என்று இவர் இரவெல்லாம் உட்கார்ந்து, 'தோட்ட வேலை காரணமாக' என்று எழுதினார். மதுரையிலிருந்து வந்த கடிதத்தோடு ஒரு துண்டுச் சீட்டும் குத்தியிருந்தது. அதில் கையால் ஒரே வரி: 'மரம் பிழைத்ததா?'

பிழைக்கவில்லை என்றுதான் நினைத்தோம். குழியை அன்றே முனியசாமி மூடினார். நான் கூடவே நின்று மணல் தள்ளினேன். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

"சாமி மரத்து வித்து தாயி" என்றார், கடைசிக் கூடையைக் கொட்டும்போது. அவ்வளவுதான். அப்புறம் மூன்று மாதம் என்னிடம் பேசவில்லை. இலை எல்லாம் உதிர்ந்து மரம் வெறும் குச்சியாக நின்றது. அந்தக் குச்சியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பார்க்கத் தெரிந்தவளுக்கு விடத் தெரியவில்லை. ஒரு உயிர் கஷ்டப்பட்டுத் தேடிப் போன தண்ணீரை, அதன் வாயிலிருந்து பிடுங்கிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் ஒன்பது நாள் என்னிடம் பேசவில்லை. மாற்றல் இனிமேல் கிடைக்காது என்று தெரிந்துபோயிற்று. பத்தாம் நாள் சாப்பிட்டுக்கொண்டே, சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"அந்த வேர்... நான் பிடிச்ச இடத்துக்குக் கீழேயும் போயிருந்துச்சா?"

"போயிருந்துச்சு."

"எவ்வளவு இருக்கும்?"

"பார்க்கலாமா?" என்றேன். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். ஆனால் வெளியே போய்ச் சிரித்தார். ஜன்னல் வழியாகக் கேட்டது.

அந்த ஆவணியில் எதிர்பாராமல் ஒரு மழை. நாலாம் நாள் காலையில் கதவைத் தட்டும் சத்தம். முனியசாமி.

"வந்து பாரு தாயி" என்றார்.

குச்சியின் அடியில் மூன்று இடத்தில் பச்சை. நான் குனியப் போனேன். தோளைப் பிடித்து நிறுத்தினார். "நின்ன வாக்குல பாரு." அன்றைக்கே அந்தத் துண்டுச் சீட்டுக்குப் பதில் எழுதிப் போட்டேன்: 'பிழைத்தது. தோண்டவில்லை.'

பரமக்குடிக்கு நாங்கள் போகவேயில்லை. நடந்ததெல்லாம் சொல்லி இவர் அய்யாவுக்குக் கடிதம் எழுத, அதைப் பக்கத்து வீட்டுக்காரர் படித்துக் காட்ட, இரண்டு பேரும் சிரித்துத் தெருவையே கூட்டிவிட்டார்களாம். வீட்டை விட்டு வர மாட்டேன் என்று அத்தனை வருஷம் பிடிவாதம் பிடித்தவர், அடுத்த வண்டியில் தானே வந்து இறங்கினார். "ஏத்தா, ஆபீசரு விழுந்த குழி எங்கன இருக்கு? என்னைக் கூட்டிக்கிட்டுப் போ, தொட்டுப் பாக்கணும்" என்றார் முதல் வார்த்தையாக. மூடிவிட்டோம் என்று சொன்னதும் அவருக்கு ஏமாற்றம். நாலு வருஷம் எங்களோடு இருந்தார். கண் தெரியாத மனிதர் வருகிறவர் போகிறவரையெல்லாம் பிடித்து உட்கார வைத்து, நேரில் பார்த்தது போலவே அந்தக் கதையைச் சொன்னார். அவர் சொல்லும்போது குழி பனைமர ஆழம், ஆபீசர் இரண்டு பேர்.

அது முதல் எங்கள் வீட்டில் நான் ஒரு கேள்விக்கு மேல் கேட்டால், 'அம்மா தோண்ட ஆரம்பிச்சிட்டாங்க' என்பார்கள். பையன்கள், அவர்களுடைய சிநேகிதர்கள், பால்காரர் வரைக்கும்.

என் சின்ன மகன், தன்னோடு வேலை பார்க்கிற பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்லி ஒரு நாள் அழைத்து வந்தான். காபியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எந்த ஊர், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், என்ன சமைப்பாய், கோபம் வந்தால் பேசுவாயா பேசாமல் இருப்பாயா, இவனிடம் உனக்கு என்ன பிடித்தது என்று கேட்டுக்கொண்டே போனேன். என் வீட்டுக்காரர் இருமினார். மகன் கண்ணைக் காட்டினான். அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இன்னும் கேளுங்க அத்தை. எவ்வளவு ஆழம் வேணும்னாலும் தோண்டுங்க" என்றாள். "பலகை போட்டு மட்டும் மூடி வச்சிடாதீங்க."